கடல் நடுவே கேற் வோக்கர்



கரையோரக் கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்கு வெளிச்சவீடு புதிய சங்கதி அல்ல. ஆனால் அந்த விளக்கை இரவிரவாக எரியவைத்த ஆட்களைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. மின்சாரம் வரமுன்னர் வெளிச்சவீடுகளில் காவலர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். நியமனம் ஆணின் பெயரில் இருக்கும். திரி வெட்டுவதும், எண்ணெய் ஊற்றுவதும், கண்ணாடி துடைப்பதும் பல இடங்களில் மனைவி பிள்ளைகளின் கைகளால் நடக்கும். அமெரிக்காவில் கணவனோ தகப்பனோ இறந்தபின் அந்தப் பதவிக்கு வந்த பெண்கள் பலர். அவர்களில் ஒருவரைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

கேற் வோக்கர் ஜேர்மனியில் பிறந்தவர். முதற் கணவர் இறந்தபின் சிறு மகன் ஜேக்கப்புடன் அமெரிக்கா வந்து, சான்டி ஹூக் என்ற இடத்தில் ஒரு விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலை செய்தார். அங்கே வெளிச்சவீட்டில் வேலை பார்த்த ஜோன் வோக்கர் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிறகு இருவரும் மணம் முடித்தனர்.

ஜோனுக்கு நியூயோர்க் துறைமுகத்திலுள்ள ரொபின்ஸ் ரீஃப் வெளிச்சவீட்டுக்கு மாற்றம் கிடைத்தது. அது 1883இல் கடற்பாறை மேல் கட்டப்பட்ட இரும்புக் கோபுரம். முற்றம் இல்லை, மரம் இல்லை, வள்ளத்தில் வந்து ஏணியில் ஏறித்தான் உள்ளே போகவேண்டும். சுற்றிவரத் தண்ணீரைப் பார்த்த கேற், தான் இங்கே இருக்கமாட்டேன் என்று சொல்லிப் பெட்டிகளைத் திறக்கவே மறுத்தார். பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்தார். கணவருக்கு ஆண்டுக்கு 600 டொலர். உதவியாளராகப் பதியப்பட்ட கேற்றுக்கு 350 டொலர். அவருடைய பெயரும் ஏட்டில் இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். காணியும் வள்ளமும் கணவன் பெயரில் மட்டுமே இருந்ததால் அலைந்து திரிந்த பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

1890இல் ஜோன் நியூமோனியாக் காய்ச்சலால் இறந்தார். கரைக்குக் கொண்டுபோகும்போது அவர் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது, விளக்கைப் பார்த்துக்கொள் என்பதுதான். எதிர்க்கரையான ஸ்டேட்டன் தீவின் மேட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு விடியலிலும் யன்னலில் நின்று அந்த மேட்டைப் பார்ப்பதாகக் கேற் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்து நடந்ததை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அதிகாரிகள் அந்தப் பதவியை முதலில் ஆண்களுக்கே கொடுக்க முன்வந்தார்கள். தனிமைக்குப் பயந்து அவர்கள் மறுத்தார்கள். கேற் நான்கடி பத்து அங்குல உயரமானவர், அதனால் அவரால் முடியாதென்று நினைத்தார்களாம். இதற்கிடையில் விளக்கை எரித்துக்கொண்டிருந்தது யார்? சில ஆண்டுகள் கழித்தே நிரந்தர நியமனம் கிடைத்தது.

வேலை இலேசானதல்ல. விளக்கைச் சுழற்றும் இயந்திரத்துக்கு, மணிக்கூட்டுக்குப் போல, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சாவி கொடுக்கவேண்டும். மூடுபனி இறங்கினால் அடித்தளத்து இயந்திரத்தை முடுக்கிச் சங்கு ஊதவேண்டும். அது பழுதானால் மேலே ஏறிச் சுத்தியலால் மணி அடிப்பார். இதற்கிடையே சமையல், தையல், பிள்ளைகளை வள்ளம் வலித்துக் கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம் உண்டு. பாறையில் மோதிய வள்ளங்களிலிருந்து ஏறத்தாழ 50 பேரை அவர் காப்பாற்றியிருக்கிறார். ஒருமுறை உடைந்த பாய்க்கப்பலிலிருந்து ஐந்து ஆண்களோடு ஒரு சின்ன நாயையும் வள்ளத்தில் ஏற்றிவந்தார்.

எழுபது வயது தாண்டியபின், 1919இல்தான் ஓய்வு பெற்றார். 1931இல் காலமானார். 1966இல் அந்த விளக்கு தானியங்கியாக மாறியது. 1990களில் அமெரிக்கக் கரையோரக் காவல் படை, கடல் மிதவைகளைப் பராமரிக்கும் கப்பல் ஒன்றுக்குக் கதரின் வோக்கர் என்று அவருடைய முழுப்பெயரைச் சூட்டியது. அவர் வள்ளம் வலித்த அதே துறைமுகத்திலேயே அந்தக் கப்பலுக்கும் வேலை கிடைத்தது.