கடனைக் கட்டுகிறோம், கிராமத்துக்கு வாங்க!



நாற்று நட்டு, களை பறித்து, மூட்டை சுமந்து நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு ஊசி, நாலு மாத்திரை. மிஞ்சினால், "டவுன்ல போய் பிசியோதெரபி பாருங்க" என்று ஒரு சீட்டு. பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போச்சு. பத்து நாள் வரச் சொன்னால் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறோம். அப்படி விட்ட நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இன்று வரப்பில் உட்கார்ந்துதான் வேலை ஏவுகிறார்.

அமெரிக்காவிலும் கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பது கஷ்டம்தான். படித்து முடிக்கும்போதே தலைமேல் மலையளவு கடன். காசு கிடைக்கும் ஊரைத்தானே தேடுவார்கள்? (நாம்தான் கடன்காரர்கள் என்று நினைத்திருந்தோம்!) அந்த அரசு 1970-இல் சட்டம் போட்டு தேசிய சுகாதார சேவைப் படையை அமைத்தது. டாக்டர் இல்லாத பகுதியில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் படிப்புக் கடனில் ஒரு பங்கை அரசே கட்டும் ஏற்பாடு பின்னால் வந்தது. 2002-இல் வந்த சட்டம், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர்களையும் இதில் சேர்த்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. முதுகுவலிக்கும் ஆள் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. நல்ல காரியம். ஆனால் படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே பார்த்தால் என்ன? அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதுவும் கிராமத்துக்கு இழுக்கும் தூண்டில்தான். பிசியோதெரபி படித்த பிள்ளைக்கு என்ன தூண்டில் இருக்கிறது? பேங்க் நோட்டீஸ்தான் இருக்கிறது. அதில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த மாநிலம் இது. நாம் இப்போது கேட்பது தள்ளுபடி கூட இல்லை, செய்த வேலைக்குக் கூலி. கிராமத்தில் மூன்று வருடம் இருந்தால் கல்விக் கடனை அரசு கட்டட்டும். முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்களே என்பார்கள். சிலர் கட்டுவார்கள்தான். அந்த மூன்று வருடம் நம் இடுப்பு நிமிர்ந்திருக்குமே!

மனு தயாராக இருக்கிறது. அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். கிளைச் செயலாளர்கள் அதற்குள் ஊர்வாரியாகக் கையெழுத்து வாங்கி வாருங்கள். நடவு வேலைக்குப் போகும் பெண்களின் கையெழுத்து முதல் பக்கத்தில் இருக்கட்டும்.