ஆலய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?



விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், நம்ம ஆலய ஆபீஸ்ல இருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள்ல அது இல்ல. "எல்லாத்தையும் புதுசா வாங்கிடலாம்"னு நிர்வாகத்துல பேச்சு. எனக்கு அதுல சம்மதம் இல்ல.

அப்படியே விட்டு வைக்கவும் கூடாது. உபயதாரர்களோட பெயர், போன் நம்பர், ஐசி நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கு. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர், பூட்டு இல்லாத உண்டியல் மாதிரி.

அர்ச்சனை ரசீது, உபயக் கணக்கு, திருவிழா நோட்டீஸ். நம்ம வேலை இவ்வளவுதான். இதுக்கு லினக்ஸ் மிண்ட் போதும். இலவசம், லிப்ரே ஆபீஸும் கூடவே வருது, தமிழ்லயும் டைப் பண்ணலாம்.

முதல்ல யூஎஸ்பியில போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ரசீது பிரிண்டர் ஓடுதான்னு பார்ப்போம். பழைய பைல்களை பேக்கப் எடுப்போம். கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்னா, அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் புதுசா வாங்குவோம்.

மிச்சக் காசு அன்னதானத்துக்குப் போகட்டும். கவுண்டர்ல உட்கார்ற அக்காமாருக்குப் பொறுமையா சொல்லித்தர, விவரம் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர் சேவைக்கு வாங்க. அதுவும் திருப்பணிதான்.