கூண்டுப் பறவையின் வர்ணம்

கோடியக்கரை உப்பங்கழியிலே பூநாரைக் கூட்டம் சிறகு விரித்து எழும்பும்போது, அந்தச் செவ்வண்ணத்தைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆனால் முற்காலத்தில் மிருகக்காட்சிச் சாலைகளில் அடைபட்ட பூநாரைகள், நாளடைவில் வெளுத்துப் போயின. பறவையும் அதுவே, சிவப்பு மட்டும் எங்கே போயிற்று?

பழைய ஆகாரத்தோடு போயிற்று. பூநாரையின் உடம்பு அந்தச் சாயத்தைத் தானே உண்டாக்க வல்லதல்ல. நீர்ப்பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் பொருளே இறகில் ஏறுகிறது. காரட்டுக்கு நிறம் தருவதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதை அறிந்த பின், காட்சிச் சாலைகளில் தீனியோடு அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

1870-களில் இங்கிலாந்திலே கானரி வளர்ப்போர், தீனியில் மிளகாய்த் தூளைக் கலந்து மஞ்சள் பறவையை ஆரஞ்சு நிறமாக்கினார்கள். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை! ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் பருவத்தில் கொடுத்தால்தான் பலன். வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப் போல் உயிரற்றது; அதில் புதுச் சாயம் ஏறாது.

எல்லா வர்ணமும் இப்படித் தீனியால் வருவதன்று. கிளி தன் சிவப்பையும் மஞ்சளையும் உடம்பிலேயே தயாரித்துக் கொள்கிறது. மயிலின் நீலமோ சாயமே அன்று; இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைக்கொண்டு செய்யும் ஜாலம்.

சூரியனுடைய பங்கு என்ன? "வெயில் பட்டால் நிறம் கூடும்" என்பது பாதி உண்மையே. நேர்வெயிலில் பறவையின் உடம்பு வைட்டமின் டி உண்டாக்கிக் கொள்கிறது. தேகம் திடமாயிருந்தால் இறகும் நன்றாக முளைக்கும். ஜன்னல் கண்ணாடி அதற்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும். ஆனால் நாள் முழுதும் காய்ந்தாலோ, கொடியில் மறந்துவிட்ட பட்டுப் புடவையைப்போல் இறகு வெளுக்கும். ஆகவே சிறிது வெயிலும், ஒதுங்க நிழலும் வேண்டும்.

நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கானரி போன்ற அயல்நாட்டுப் பறவைகளை வளர்ப்போர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். காட்டில் இத்தகைய பறவையின் வர்ணம் அது இரை தேடும் சாமர்த்தியத்துக்குச் சாட்சி. கூண்டிலோ, அந்தச் சாட்சி வளர்ப்பவரைப் பற்றியே பேசும். கூண்டுக்கு வர்ணம் பூசுமுன், தீனிக் கிண்ணத்தை ஒருமுறை பாருங்கள்.