பரதேசிகளின் வாசற்படி

மட்டாஞ்சேரிக்குச் சென்று மீண்ட நண்பர்களிடம் யூத ஜெப ஆலயத்தில் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: ஒன்றுபோல் ஒன்றில்லாத நீல வெள்ளைச் சீன ஓடுகள், பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள், அடைக்கலம் தந்த அரசரின் பெருந்தன்மை. இவை பொய்யல்ல. ஆயினும் அவ்வாலயத்தின் வரலாற்றில் பாதிதான் இது என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஐபீரியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள், கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி அளித்த நிலத்தில் 1568இல் எழுப்பிய ஆலயம் இது. 1662இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்று, டச்சுக்காரர் ஆட்சியில் புத்துயிர் பெற்றது. மணிக்கூண்டையும் சீன ஓடுகளையும் பதினெட்டாம் நூற்றாண்டில் அளித்தவர் வணிகர் எசக்கியேல் ரஹபி. 1968இல் நடந்த நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று.

வந்தேறியவர்கள் என்பதால் இவர்கள் ‘பரதேசி யூதர்’ எனப்பட்டனர். நம் வழக்கில் வசையாகத் தேய்ந்துவிட்ட சொல், அங்கே மேன்மையின் அடையாளமாயிற்று. இவர்கள் வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டில் யூதத் தலைவர் ஒருவருக்கு உரிமைகள் வழங்கியிருக்கிறான். ஜோசப் ரப்பான் என்ற அவர் பெயர் செப்பேட்டில் ‘இசுப்பு இரப்பான்’ என்று நம் நாவுக்கேற்ப வடிவம் கொள்கிறது. வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேடு தமிழ் மாணவர்களுக்கு அந்நியமன்று. மலபார் யூதர்களின் தொன்மைக்குச் சான்றான அது, பரதேசிகளின் ஆலயத்தில்தான் பேணப்பட்டது. ஆனால் அந்த மலபார் யூதர்களை அவ்வாலயம் சமமான உறுப்பினராக ஏற்கவில்லை.

இதனினும் கொடிது, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்தது. அவர்களும் அதே மறையை ஓதியவர்கள். அதே ஓய்வுநாளைக் கடைப்பிடித்தவர்கள். எனினும் உள்ளே இருக்கையில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. முன்னறையின் தரையிலோ வெளியிலோதான் இடம்.

அவர்களுள் ஒருவராகப் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். காந்தியின் அறவழியைத் தம் ஆலயத்திற்குள்ளேயே கைக்கொண்டு, சிலகாலம் அதனைப் புறக்கணித்துப் போராடினார். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனால் 1950இல் அவருடைய மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணம் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில்தான் நடந்தது.

மதவெறிக்குத் தப்பி ஓடிவந்தவர்களே தம் வாசலில் ஒரு கோட்டைக் கிழித்தார்கள். இதைச் சொல்வது அவர்களை இழிவுபடுத்த அன்று. வைக்கத்தில் தெருவில் நடப்பதற்கே 1924இல் போராட நேர்ந்த நிலம் இது. மதுரைக் கோயிலின் கதவுகள் 1939 வரை பலருக்கு மூடியே கிடந்தன. அடைக்கலம் தந்த மண் சாதியையும் சேர்த்தே தந்தது என்பதுதான் நம்மை உறுத்தவேண்டிய செய்தி. நல்லிணக்கத்தின் சின்னம் என்று மட்டும் இவ்வாலயத்தைப் புகழ்வது, உண்மையில் நம்மை நாமே புகழ்ந்துகொள்வதாகும்.

இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தனர். கூட்டு வழிபாட்டுக்குரிய பத்து ஆண்களை இன்று உள்ளூரில் திரட்ட இயலாது. நினைவைச் சுமக்கும் மாந்தர் மறையும்போது, கட்டடமே சாட்சியாகிறது. சாட்சி முழுவதையும் சொல்லவேண்டும். ஓடுகளைக் காட்டும் வழிகாட்டி, சேலம் நின்ற அந்த வாசற்படியையும் காட்டட்டும். நாமும் அங்கே சற்று நின்றுவிட்டு உள்ளே செல்வோம்.