வாக்கு தோட்டத்தில், வேலை கொழும்பில்

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள், வாக்களிக்க வேண்டுமானால் எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை ஹட்டன் பஸ் ஏற வேண்டியிருந்தது. ஏற முடியாமல் போனவர்கள் பலர்.

இவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் பிறந்த லயத்தின் முகவரியிலேயே இருக்கிறது. வாக்காளர் அட்டை தோட்டத்துக்கு வரும், ஆள் கொழும்பில் இருப்பார். தபால்மூல வாக்கு அரச ஊழியருக்கும் வேறு சில சேவையினருக்கும்தான். தனியார் ஊழியர் எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் விடுமுறை கொடுக்கச் சட்டம் இருக்கிறது, உண்மைதான். விடியுமுன் எழுந்து அடுத்தவர் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பெண், அந்த விண்ணப்பத்தை எப்போது எழுதி யாரிடம் நீட்டுவாள்? நீட்டினாலும் பஸ் காசு யார் தருவது?

27 நாட்டு மக்கள் சேர்ந்து 720 பேரைத் தெரிவு செய்யும் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில், எல்லை தாண்டிப் போனவருக்கே வழி இருக்கிறது. லக்சம்பேர்க்கில் உழைக்கும் போர்த்துக்கேயர், அந்நாட்டுப் பிரஜையாக இல்லாமலே அங்குள்ள வேட்பாளருக்கு வாக்களிக்கலாம். இல்லையேல் போர்த்துக்கலின் துணைத்தூதரகத்துக்குப் போய்ச் சொந்த நாட்டுப் பட்டியலுக்குப் போடலாம். ஒருவருக்கு ஒரு வாக்குத்தான், எங்கே என்பது அவர் விருப்பம். வசிக்கும் நாட்டில் வாக்களிக்கும் உரிமையை 1992இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை தந்தது.

நம் கதை நேர்மாறானது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களின் வாக்கைப் பறித்தன. 1952இல் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூட இல்லை. நுவரெலியா–மஸ்கெலியாவில் 1977இல் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வெல்லும்வரை காத்திருந்தோம். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனை பாடுபட்டு மீட்ட வாக்கு ஒரு பஸ் பயணத்துக்குத் தோற்றுப்போவதை எம்மால் பொறுக்க முடியவில்லை.

கொழும்பிலேயே பெயரைப் பதியலாமே என்பார்கள். வேலைக்காரப் பிள்ளையைத் தம் விலாசத்தில் பதிய எத்தனை முதலாளிமார் சம்மதிப்பார்கள்? அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மாவட்டங்களுக்கான ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்தே பெரிதும் பங்கிடப்படுகின்றன. பெயர்கள் கொழும்புக்குப் போகப்போக நுவரெலியாவின் எட்டு ஆசனங்கள் ஆட்டம் காணும். பெயர் தோட்டத்திலேயே இருக்கட்டும். வாக்கைக் கொழும்பில் போட வழி செய்யுங்கள். கள்ள வாக்குக்கு இடமாகும் என்ற பயம் வேண்டாம். அரச ஊழியரின் தபால் வாக்குகளைத் தேர்தல் ஆணைக்குழு காலங்காலமாக உறையிலிட்டு அந்தந்த மாவட்டத்துக்கு அனுப்பித்தான் எண்ணுகிறது.

தேர்தல் நாளுக்கு முன்பே கொழும்பில் வாக்களிப்பு நிலையம் திறந்து, நுவரெலியா, பதுளை, கண்டி வாக்காளர்கள் அடையாள அட்டையைக் காட்டித் தம் மாவட்டத்து வாக்குச்சீட்டைப் பெற இடமளிக்க வேண்டும். இதற்குத் தேவையான சட்டத் திருத்தத்தை மலையகப் பிரதிநிதிகள் கட்சி பாராமல் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். 2018இல் பதவிக்காலம் முடிந்த மத்திய மாகாண சபைக்கு வேட்புமனு கோரும் முன்பே அது நிறைவேற வேண்டும்.