விலங்கியல் வகுப்பிலிருந்தும் ஒரு வழி

நீட் மதிப்பெண் போதவில்லை என்றதும் பிள்ளையை பி.எஸ்சி. விலங்கியலிலோ நுண்ணுயிரியலிலோ சேர்த்துவிட்டு, வீடே துக்க வீடாகிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தத் துக்கம் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம். புதுச்சேரியில் 1975 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. விலங்கியல் பட்டதாரிகள் அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. படிக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும்; யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் சாக்கடையில் பெருகும், இரவில் கடிக்கும். இந்த வேறுபாடு தெரிந்தவர் இல்லாத ஊரில் புகை அடித்துப் பயனில்லை. மருத்துவர் காய்ச்சலுக்குச் சிகிச்சை தருகிறார். அந்தக் காய்ச்சல் அடுத்த தெருவுக்குப் போகாமல் தடுப்பவர் பூச்சியியலாளர். எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளமான ஆய்வுக்காக 2023இல் மருத்துவ நோபல் பெற்ற கட்டலின் கரிக்கோவும் ஹங்கேரியில் உயிரியல் படித்தவர்தான், மருத்துவர் அல்லர்.

ஆனால் கல்லூரிகள் ஓர் உண்மையைச் சேர்க்கையின்போதே சொல்லியாக வேண்டும். வெறும் பி.எஸ்சி. பட்டம் ஒருவரை மருத்துவமனை ஆய்வகப் பணியாளராக்கிவிடாது, அதற்கு எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) என்ற தனிப் படிப்பு உண்டு. உயிரியலை நம்பி வருபவர் மேற்படிப்புக்கும் சேர்த்தே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பெற்றோர் சேர்க்கை நாளில் கட்டணம் கேட்பதோடு நிறுத்தாமல் ஆய்வகத்தையும் பார்க்கட்டும்: மாணவர் தம் கையாலேயே நுண்ணோக்கியைப் பிடித்துப் பார்க்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்துகாட்டுவதை ரெக்கார்டு நோட்டில் வரைகிறார்களா என்று விசாரிக்கட்டும்.