எண்ணெயை வழித்தெடுத்தால் மண் குணமாகிவிடுமா?

2017 ஜூன் 30. தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டு, கச்சா எண்ணெய் வயலுக்குள் பாய்ந்தது. நியாயம் கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் வழக்கும். இதையெல்லாம் நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் பாய்ந்த மண்ணை யார், எப்படி, எந்த ஆழம் வரைக்கும் சுத்தம் செய்வது?

குழாய் உடைந்தால் என்ன செய்வார்கள்? தேங்கியதை உறிஞ்சுவார்கள். கறுத்த மண்ணை வெட்டி லாரியில் ஏற்றுவார்கள். ஒரு போகத்துக்கு நஷ்டஈடு. "இனிமே நட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டது, சரி. தெரியாதது?

எண்ணெய் மண் இடுக்குகள் வழியே இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழையில் நீர்மட்டம் ஏறினால் அதுவும் ஏறும். கோடையில் இறங்கும்போது வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே இறங்கும். அதிலுள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து, நீரோட்டம் போகும் பக்கம் நகரும். பென்சீன் புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவில் வாடையும் தெரியாது, ருசியும் தெரியாது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே 1979இல் ஒரு குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. முக்கால் பங்கை அப்போதே அகற்றினார்கள். மீதி சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நாற்பது ஆண்டு கழித்தும் அங்கே நிலத்தடி நீரின் மேல் எண்ணெய் இருந்தது.

நம்ம ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "ஜீவாமிர்தம் ஊத்துனா சரியாப் போயிடும்" என்று சொல்லாதீர்கள். நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும், உண்மைதான். டெரி நிறுவனத்தின் 'ஆயில்சாப்பர்' பாக்டீரியாக் கலவை நம் நாட்டிலேயே எண்ணெய்க் கசடைச் சுத்தம் செய்யப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குக் காற்றும் ஈரமும் தழைச்சத்தும் வேண்டும். மேல்மண்ணைக் கிளறிவிட்டுச் செய்யலாம். இருபதடி ஆழத்தில் காற்றுக்கு எங்கே போவது? எண்ணெயோடு வந்த உப்பையும் கன உலோகங்களையும் எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது.

ஆகவே சுத்தம் செய்வதற்கு முன் ஆய்வு வேண்டும். பல ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். சுற்றிலும் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி, மழைக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்காவது தண்ணீரைச் சோதிக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் கிராம சபையில் வைக்க வேண்டும். செலவு கெடுத்தவன் தலையில்தான். வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

குழாய் போகும் ஊர்க்காரர்கள் உடைகிற வரை காத்திருக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரையும் வயல் மண்ணையும் இப்போதே சோதித்து, தேதியோடு அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பென்சீன் சோதனைக்குத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில், காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பென்சீன் வழியிலேயே ஆவியாகிவிடும். தனி ஆளுக்குச் செலவு கட்டாது. ஊர்ச் சங்கமாகச் சேர்ந்து செய்யுங்கள். நாளைக்கு "இந்த மண்ணு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், எடுத்து நீட்ட நம் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.